வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்டப் போகிறீர்களா? முதலில் காகிதம், பிறகு செங்கல்!

சென்ற ஆண்டு தீபாவளி முடிந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சங்கக் கிளைக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 34 ஆண்டுகள் செம்பனைக் குலை வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வாசலிலேயே தயங்கி நின்றார். கையில் பேரப்பிள்ளையின் கணக்குப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாள்.

"தம்பி, நாளைக்குக் காலையிலே 12,000 வெள்ளி கட்டணும். அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன்."

தாளை வாங்கிப் பார்த்தோம். பென்சிலால் வரைந்த ஒரு பெரிய சதுரம். அதை ஒட்டி ஒரு சின்னச் சதுரம். பெரியது வீடு. சின்னது, கட்டப் போகும் அறையும் குளியலறையும். தோட்டத்து வீடு அல்ல. தாமானில் சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கிய மலிவு விலை வீடு. வரிசையின் ஓர வீடு. உள்ளே இரண்டே அறைகள். ஒன்றில் மகனும் மருமகளும், மற்றதில் பேரப்பிள்ளைகள். பெரியவரின் மனைவிக்கு நீரிழிவால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சக்கர நாற்காலி குளியலறைக் கதவில் நுழையாது. முன்கூடத்தில் சேலையைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால்தான் அந்த அம்மாளுக்குக் குளியல்.

"வீட்டுக்கு யாராச்சும் வந்தா அவ தலையைக் குனிஞ்சுக்கிறா தம்பி. பார்க்க முடியலே. அதான் பின்னால ஒரு ரூம் எடுத்துடலாம்னு..."

"யாருக்குப் பணம் கட்டப் போறீங்க அண்ணே?"

"பாசார்ல பழக்கமான ஆளுதான். மொத்தம் 20,000. இப்போ 12,000 கொடுத்தா அடுத்த வாரமே வேலை ஆரம்பம்னு சொல்றாரு."

"எழுதிக் கொடுத்தாரா?"

பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பெயர் அட்டையை எடுத்து நீட்டினார். அதில் ஒரு பெயரும் ஒரு கைப்பேசி எண்ணும் இருந்தன. முகவரிகூட இல்லை.

தோழர்களே! இது இந்த ஒரு பெரியவரின் கதை மட்டுமல்ல. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த நம் குடும்பங்கள் பலவற்றிலும் இதே பேச்சுதான். பிள்ளைகள் வளர்கிறார்கள், வீடு வளரவில்லை. அடுப்படியை நீட்டவோ ஓர் அறை எடுக்கவோ எல்லோருக்கும் ஆசை இருக்கிறது. தவறில்லை. ஆனால் 20,000 வெள்ளி என்றால் என்னவென்று எண்ணிப் பாருங்கள். 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதில் ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும் 20,000 சேர ஏறக்குறைய ஓர் ஆண்டாகும். ஓர் ஆண்டு உழைப்பைக் காப்பிக் கடை மேசையில் வாய்ப் பேச்சை நம்பித் தூக்கிக் கொடுக்கலாமா?

சம்பள விஷயத்தில் நாம் இப்படி நடந்துகொள்வதில்லையே! சங்கமும் மாப்பாவும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தத்தில் கூலியும் விடுமுறையும் எழுத்தில்தான் வருகின்றன. சம்பளச் சீட்டில் இரண்டு வெள்ளி குறைந்தால் சீட்டோடு ஆபீஸ் வாசலுக்குப் போய் நிற்கிறோம். இரண்டு வெள்ளிக்கு இருக்கும் அந்த விழிப்பு 20,000 வெள்ளிக்கு வேண்டாமா?

நாம் கொத்தனாரும் அல்ல, இஞ்சினியரும் அல்ல. ஆனால் பணம் போன பிறகு நம்மிடம் வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறோம். ஆகவே, பணம் போகுமுன் கேட்க வேண்டிய கேள்விகளை இங்கே வரிசையாகச் சொல்லுகிறோம்.

வீடு யாருடையது?

முதல் கேள்வி இதுதான். இன்னும் தோட்டத்து வீட்டில் இருப்பவர்கள் சொந்தப் பணத்தைப் போட்டு அதை நீட்டாதீர்கள். அந்த வீடு நிர்வாகத்துடையது. நீங்கள் ஓய்வு பெறும் நாளிலோ தோட்டம் கை மாறும் நாளிலோ, எழுப்பிய சுவரை முதுகில் சுமந்துகொண்டு போக முடியாது. கூரை ஒழுகினால், கதவு உளுத்துப்போனால் அதைப் பழுது பார்ப்பது நிர்வாகத்தின் கடமை. 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீடமைப்பு வசதிச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. செய்யவில்லையென்றால் சங்கத்திடம் சொல்லுங்கள், தொழிலாளர் இலாகாவிடம் புகார் கொடுங்கள். நிர்வாகம் செய்ய வேண்டியதை உங்கள் சேமநிதி செய்ய வேண்டியதில்லை.

சொந்த வீடாக இருந்தால் நிலப்பட்டாவை எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது? வங்கிக் கடன் தீர்ந்ததா? தீரவில்லையென்றால் வங்கிக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். அடுத்த வீட்டு நிலத்தில் அரை அடி ஏறிக் கட்டிவிட்டு, இருபது ஆண்டு நட்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

அனுமதி இல்லாமல் ஆணி அடிக்காதீர்கள்

"பக்கத்து வீட்டிலே எல்லாம் பெர்மிட் எடுத்தா கட்டினாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் தலையெழுத்து அவருக்கு. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆவது பிரிவு, ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது என்று சொல்கிறது. இருக்கும் வீட்டை நீட்டுவதும் அதில் அடங்கும். மீறினால் அபராதம் வரலாம். இடிக்கச் சொல்லி உத்தரவும் வரலாம். இடிக்கும் கூலியும் உங்கள் தலையில்தான் விழும்.

ஆகவே, நகராண்மைக் கழகம் அல்லது மாவட்ட மன்றத்தின் கட்டடப் பிரிவு முகப்பிடத்துக்கு ஒரு காலை நேரம் நேரில் போங்கள். மூன்று விஷயங்களைக் கேளுங்கள். பின்பக்கமும் பக்கவாட்டிலும் எத்தனை அடி விட வேண்டும்? அண்டை வீட்டாரின் கையெழுத்து தேவையா? இந்தச் சிறு வேலைக்கு எளிய பெர்மிட் போதுமா, முழு வரைபடம் வேண்டுமா? மன்றத்துக்கு மன்றம் விதி மாறும். அடுத்த ஊரில் நடந்ததை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

வரைபடம் வேண்டுமென்றால் அதைப் போட்டுத் தாக்கல் செய்யப் பதிவு பெற்றவர் வேண்டும். சின்ன வீட்டு வேலைக்குப் பெரிய கட்டடக் கலைஞரைத்தான் தேட வேண்டும் என்பதில்லை. கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிவு பெற்ற வரைவாளரே போதும். அவர் கூலி வீண் செலவு என்று நினைக்காதீர்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்கே அந்தப் பணம் தகும்.

1984ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டட உபவிதிகளில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. குடியிருக்கும் அறையின் சன்னல் பரப்பு, தரைப் பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. அதில் பாதியாவது, அதாவது 5 விழுக்காடு, காற்று தடையின்றி வரும்படி திறக்க வேண்டும். படுக்கையறை உயரம் 2.5 மீட்டருக்கும், அடுப்படி உயரம் 2.25 மீட்டருக்கும் குறையக் கூடாது. பின்னால் அறை கட்டும்போது பழைய அறையின் சன்னல் அடைபட்டுப் போவதை நம்மில் பலர் யோசிப்பதே இல்லை. புது அறை கிடைக்கும். பழைய அறை இருட்டுக் குகையாகிவிடும். வரைவாளர் இதைத்தான் முதலில் பார்ப்பார்.

எதை நாமே செய்யலாம்?

நம் ஆட்களுக்கு உழைப்பைக் கண்டு பயமில்லை. தோட்டத்துக் கோயிலை எழுப்பியது யார்? ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங்கில் கல் சுமந்ததும் மணல் சலித்ததும் நம் அப்பனும் பாட்டனும்தான். அந்தக் கை இன்னும் நம்மிடம் இருக்கிறது. ஆனால் கையில் வலு இருப்பது வேறு. அந்தத் தொழிலில் கணக்கு இருப்பது வேறு.

இடத்தைச் சுத்தம் செய்வது, மண் வெட்டுவது, கல்லும் மணலும் சுமப்பது, போட்ட சிமெண்டுத் தளத்தை ஒரு வாரம் நனைத்து வைப்பது, கடைசியில் சாயம் அடிப்பது ஆகியவற்றை வீட்டுப் பிள்ளைகளே செய்யலாம். குத்தகையாளரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் அவ்வளவு கூலி குறையும்.

சுவர் எழுப்புவது, பூசுவது, கூரைச் சட்டம் போடுவது, ஓடு பதிப்பது ஆகியவற்றுக்குத் தொழில் தெரிந்த கொத்தனாரும் தச்சரும் வேண்டும். அவர் முன்பு செய்த இரண்டு வீடுகளை நேரில் போய்ப் பாருங்கள். ஒரு மழைக்காலம் கண்ட வீடாக இருக்கட்டும். வீட்டுக்கார அம்மாளிடம் கேளுங்கள். ஒழுகுகிறதா இல்லையா என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

மின்சார வேலையில் கை வைக்கவே கூடாது. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவர்தான் செய்ய வேண்டும். குளியலறையில் வெந்நீர்க் கருவி வைப்பதானால், மின்கசிவு ஏற்பட்டவுடன் தானே துண்டித்துக்கொள்ளும் 10 மில்லியாம்பியர் சுவிட்சு அதற்குத் தனியாக இருக்க வேண்டும். ஈரக் கையோடு உயிர் போன பிறகு யாரைக் குறை சொல்லி என்ன பயன்?

இஞ்சினியர் எப்போது வேண்டும்? மேல்மாடி எடுப்பதானால் வேண்டும். பழைய சுவரை உடைத்துத் திறப்பதானாலும் வேண்டும். சில மலிவு விலை வீடுகளில் தூணே கிடையாது. சுவர்தான் கூரையைத் தாங்குகிறது. அதில் ஒரு சுவரை உடைத்தால் வீடே இறங்கும். மண் இளகிய இடமாக இருந்தாலும், பள்ளத்தை மேடாக்கிய தாமானாக இருந்தாலும், இருக்கும் வீட்டில் ஏற்கெனவே வெடிப்பு விட்டிருந்தாலும் இஞ்சினியரிடம் காட்டாமல் ஆரம்பிக்காதீர்கள். பழைய வீட்டின் அத்திவாரம் ஆழமாக இருக்கும்; புது அறை மேலாக உட்காரும். இரண்டும் ஒரே அளவாக இறங்குவதில்லை. அதனால்தான் பல வீடுகளில் பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாகக் கோடு விழுகிறது. இரண்டையும் இறுக்கிப் பிணைக்காமல் இடைவெளி விட்டுக் கட்டும் முறை தொழில் தெரிந்தவருக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு இருக்கும். அதைச் சுத்தியலால் உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் தூசு நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்து நோயாக வெளிவரும். அதைக் கழற்றுவதற்குப் பழக்கப்பட்ட ஆளை அழையுங்கள். நனைத்து, உடையாமல் முழுசாக இறக்க வேண்டும். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

கணக்குப் போடத் தெரிந்துகொள்ளுங்கள்

குத்தகையாளர் "5,000 செங்கல் வேணும்" என்று சொன்னால் தலையாட்டாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தோட்டத்துப் பள்ளியில் வாத்தியார் பிரம்போடு நின்று சொல்லிக் கொடுத்த நீளம், அகலம், பரப்பளவுக் கணக்குதான்.

ஓர் அறை 3 மீட்டருக்கு 3.6 மீட்டர் என்று வையுங்கள். பழைய வீட்டுச் சுவர் ஒரு பக்கம். மீதி மூன்று புதுச் சுவர்களின் நீளம் 3, 3, 3.6, கூட்டினால் 9.6 மீட்டர். உயரம் 2.75 மீட்டர். பெருக்கினால் ஏறக்குறைய 26 சதுர மீட்டர். கதவுக்கும் சன்னலுக்கும் 3 கழித்தால் 23. ஒற்றைச் செங்கல் கனத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 60 செங்கல் பிடிக்கும். ஆக 1,400, உடைசல் சேர்த்து 1,500. அதே அறைக்கு 4 அங்குலத் தளம் போட ஒன்றுக்கு இரண்டு மணல், நான்கு ஜல்லி என்ற கலவையில் 50 கிலோ சிமெண்டு 7 மூட்டை ஆகும். சன்னல் எவ்வளவு வேண்டும்? தரை 10.8 சதுர மீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு, 1.08 சதுர மீட்டர்.

அத்திவாரமும் பூச்சும் கூரையும் தனி. ஆனால் இவ்வளவு தெரிந்தாலே போதும். எதிரே உட்கார்ந்திருப்பவர் உங்களிடம் பேசும் தோரணை மாறிவிடும்.

ஒப்பந்தம் எழுதாமல் பணம் கொடுக்காதீர்கள்

மூன்று பேரிடம் விலை கேளுங்கள். மூவருக்கும் ஒரே வரைபடத்தைக் கொடுங்கள். இல்லையென்றால் ஒருவர் ஓடு சேர்த்துச் சொல்வார், ஒருவர் சேர்க்காமல் சொல்வார். எது மலிவு என்றே தெரியாது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகையாளர்கள் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அவருடைய ஆட்களுக்குச் சொக்சோ கட்டுகிறாரா என்றும் கேளுங்கள். கூரையிலிருந்து விழுபவனும் நம்மைப்போல் ஒரு தொழிலாளிதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

பிறகு எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும். யார் யாருக்கு, எந்த வீட்டுக்கு, எந்தப் பொருள், எந்த அளவு, மொத்தம் எவ்வளவு, எப்போது முடியும், முடியாவிட்டால் என்ன, குப்பையை யார் அள்ளுவது. இரு தரப்பும் அடையாள அட்டை எண்ணோடு கையெழுத்துப் போட வேண்டும்.

பணத்தை வேலைக்குப் பின்னால் நடக்க விடுங்கள். முன்னால் ஓட விடாதீர்கள். 20,000 வெள்ளி வேலை என்றால் இப்படிப் பிரிக்கலாம். கையெழுத்தின்போது 2,000. அத்திவாரமும் தளமும் முடிந்தால் 4,000. சுவர் எழுந்தால் 5,000. கூரை ஏறினால் 4,000. பூச்சு, கதவு, மின்சாரம் முடிந்தால் 3,000. கடைசி 2,000ஐ ஒரு மாதம் வைத்திருங்கள். நல்ல மழை ஒன்று பெய்யட்டும். ஒழுகவில்லையென்றால் மகிழ்ச்சியோடு கொடுங்கள். ஒவ்வொரு முறையும் ரசீது வாங்குங்கள்.

கையில் பணம் போதாவிட்டால் சேமநிதியின் நெகிழ்வுக் கணக்கை வழித்துத் துடைத்துவிடாதீர்கள். ஆலோங்கிடம் போகவே போகாதீர்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர்கூட அடமானமில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பணம் குறைந்தால் அறையைச் சிறிதாக்குங்கள். அல்லது இந்த ஆண்டு அத்திவாரம், அடுத்த ஆண்டு சுவர் என்று வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் ஏமாற்றிவிட்டால் வீட்டில் உட்கார்ந்து அழ வேண்டாம். பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வேண்டாம், நாமே பேசலாம். மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ஆனால் அங்கேயும் முதலில் கேட்பது, "காகிதம் எங்கே?" என்பதைத்தான்.

பெரியவர் வீட்டில் என்ன நடந்தது?

மறுநாள் காலை பெரியவர் பணத்தைக் கொண்டுபோகவில்லை. "எழுதிக் கொடுங்க, வேலை ஆக ஆகப் பணம் தர்றேன்" என்றார். வந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்பிக்கை இல்லேன்னா வேற ஆளைப் பாருங்க" என்று போனவர் அதன்பின் தொலைபேசியையும் எடுக்கவில்லை. நல்லவரா, கெட்டவரா என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றவர், அவ்வளவுதான்.

பதிவு பெற்ற வரைவாளர் ஒருவர் வந்து அளந்தார். கொல்லைச் சிமெண்டைத் தட்டிப் பார்த்தவர் ஓர் இடத்தில் நின்றுவிட்டார். கீழே மலக்குழித் தொட்டியின் மூடி! கணக்குத் தாளில் பெரியவர் குளியலறை போட்டிருந்த இடம் சரியாக அதற்கு மேல்தான். அப்படியே கட்டியிருந்தால் தொட்டி நிறையும்போது லாரி வந்து இறைக்க வழியில்லாமல், புதுத் தரையை உடைக்க வேண்டி வந்திருக்கும். அறையைப் பக்கவாட்டுக்கு மாற்றினார். குளியலறைக்குப் படி வேண்டாம், கதவு 900 மில்லிமீட்டர் அகலம் என்று எழுதினார். இவை இரண்டும் பெரியவரின் தாளில் இல்லாதவை.

மலிவாக முடிந்ததா? இல்லை. வரைபடக் கூலி தனி. புதுக் குத்தகையாளர் 2,000 வெள்ளி அதிகமாகவே கேட்டார். மகனும் அவன் கூட்டாளிகளும் மண் வெட்டியதில், கல் சுமந்ததில் கொஞ்சம் குறைந்தது. அனுமதி வரும் வரை காத்திருந்ததில் மாதங்கள் போயின. அதுவரை அந்தச் சேலைத் திரை முன்கூடத்தில்தான் தொங்கியது. அதை மறைத்துப் பேச நமக்கு மனமில்லை.

சென்ற வாரம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தோம். சுவர் எழுந்து, கதவு நிலை வைத்தாகிவிட்டது. கூரை மட்டும் பாக்கி. அந்த அம்மாள் தம் சக்கர நாற்காலியைத் தாமே உருட்டிக்கொண்டு வந்து, நிலைக்குள் நுழைந்து, திரும்பவும் வெளியே வந்தார். இரண்டு பக்கமும் உரசவில்லை.

"கூரையில்லாட்டியும் பரவாயில்லே, நாளைக்கே இங்கே குளிச்சிடுவேன்" என்று சிரித்தார்.

தோழர்களே! கட்டுங்கள். நம் வீடு நமக்குப் போதாமல் இருக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. ஆனால் சம்பளத்துக்கு எப்படிக் காகிதம் கேட்டோமோ, அப்படியே சுவருக்கும் காகிதம் கேளுங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் சங்கக் கிளைக்கு வாருங்கள்; சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம். பணத்தைக் கொடுப்பதற்கு முதல் நாள் வாருங்கள், மறுநாள் வராதீர்கள்!